வாடையா, தெற்குக் காற்றா? சிங்கப்பூரில் கடற்பாறை நடைக்கு எந்த இடம், எந்த மாதம்

சிங்கப்பூரில் கடலோரப் பாறையை ஒட்டி, காற்று முகத்தில் அடிக்க நடக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் நான்கு பெயர்கள் வரும்: லாப்ரடார், சாங்கி முனை, புலாவ் உபினின் செக் ஜாவா, தெற்குத் தீவுகளில் செயிண்ட் ஜான்ஸ்–லசாரஸ். அடுத்து எல்லாரும் கேட்பது, "எது அழகு?" நான்கும் அழகுதான். முதலில் கேட்க வேண்டியது, "எந்த மாதம் போகிறீர்கள்?" ஜனவரியில் சொக்க வைக்கும் பாதை ஜூலையில் வியர்வைக் குளியலாகிவிடும். காரணம் காற்றின் திசை.

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று திசைக்கொரு பெயர் வைத்தவர்கள் நாம். சிங்கப்பூரின் ஆண்டையும் அப்படிப் பிரித்துப் பார்த்தால் தேர்வு எளிதாகும். டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது நம் வாடை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. இதன் பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. தென்னரைக்கோளத்திலிருந்து தென்கிழக்குக் காற்றாகக் கிளம்பி, பூமத்தியரேகையைத் தாண்டி வெகுதூரம் வடக்கே போன பிறகுதான் அது தென்மேற்காகத் திரும்புகிறது. சிங்கப்பூரோ ரேகையை ஒட்டி இருக்கிறது. அதனால் இங்கே அந்த மாதங்களில் காற்று தென்கிழக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும். இடைப்பட்ட ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் காற்றே இல்லை என்று சொல்லலாம். பிற்பகலில் இடியும் மழையும் மட்டும் தவறாது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். இங்கே சராசரிக் காற்று நொடிக்கு 2.5 மீட்டருக்கும் குறைவு, அதாவது மணிக்கு 9 கிலோமீட்டரைத் தாண்டாது. வாடை வலுத்துப் பொங்கும் சில நாள்களில் மட்டும் அது நொடிக்கு 10 மீட்டரை, மணிக்கு 36 கிலோமீட்டரை எட்டும். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலேசியத் தீபகற்பம், தெற்கே பாத்தாம், பிந்தான் என்று சுற்றிலும் நிலம் இருப்பதால் பெருங்கடலின் உருண்டுவரும் அலை இங்கே நுழைவதில்லை. நம் கடற்பாறைகளும் சிறியவை. நூறு மீட்டர் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நடக்கும் ஆசை இருந்தால் விமானம்தான் ஏற வேண்டும்.

லாப்ரடார்: உண்மையான கடற்பாறை, அரைகுறைக் காற்று

சிங்கப்பூரின் பிரதான தீவில் பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய ஒரே இயற்கைக் கடற்பாறை லாப்ரடாரில்தான் இருக்கிறது. 2002ல் இயற்கை வனப்பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட இடம். சாய்ந்து அடுக்கடுக்காக நிற்கும் படிவுப்பாறை. இடுக்குகளில் பெரணி, மேலே காடு. பாறை பார்ப்பதே நோக்கம் என்றால் வேறு இடம் தேட வேண்டியதில்லை.

வட்டப்பாதை ரயிலில் லாப்ரடார் பார்க் நிலையத்தில் இறங்கினால், சில நிமிட நடையில் பெர்லேயர் ஓடைச் சதுப்புநிலப் பாதை தொடங்குகிறது. 960 மீட்டர். அதன் கடல்முனையில் இடப்பக்கம் திரும்பினால் தண்ணீருக்கு மேலேயே போகும் புக்கிட் செர்மின் பலகைப் பாதை, 330 மீட்டர். வலப்பக்கம் திரும்பினால் லாப்ரடார் பூங்காவின் கடலோர நடைபாதையும், 1930ல் கட்டப்பட்ட சிவப்புக் கலங்கரைத் தூணும். முதலில் செர்மின் பக்கம் போய்த் திரும்பி, பிறகு பூங்காவுக்கு வந்து, குன்றின் மேலுள்ள பழைய பீரங்கி மேடைகளையும் பார்த்துவிட்டு இறங்கினால் இரண்டு மணி நேரம் ஆகும். தரை பெரும்பாலும் சமம். ஆனால் குன்றின் மேலே போகப் படி ஏற வேண்டும். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருபவர்கள் அதை விட்டுவிடலாம்.

காற்றைப் பொறுத்தவரை லாப்ரடார் பாதி ஏமாற்றம். தெற்கைப் பார்த்த கரைதான், ஆனால் எதிரே கூப்பிடு தூரத்தில் செந்தோசா நின்று தென்கிழக்குக் காற்றை மறித்துவிடுகிறது. வாடைக்கோ முதுகில் குன்று இருக்கிறது. மேற்குப் பக்கம் மட்டும் திறந்திருக்கிறது. அங்கிருந்து வருவது சும்மா வருவதில்லை. அது சுமத்ரா காற்று. அதைப் பற்றிக் கீழே.

லாப்ரடாரை ஒட்டிய கெப்பல் துறைமுக வாயிலில் ஒரு காலத்தில் 'நாகப் பல்' என்று மாலுமிகள் அடையாளம் வைத்திருந்த பாறைத்தூண் கடலுக்குள் நின்றது. கப்பல் போகும் வழியை அகலப்படுத்த ஆங்கிலேயர் 1848ல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது பூங்காவில் நிற்பது 2005ல் வைத்த மாதிரி. தீவின் மிக எடுப்பான கடற்பாறை எது என்று கேட்டால், இல்லாமல் போன அதுதான்.

கவனிக்க வேண்டியது இரண்டு. பாறை உதிரும் தன்மை உள்ளது. மழைக்குப் பிறகு சிறு கற்கள் விழும். வேலி போட்டிருக்கும் இடத்தில் படம் எடுக்க உள்ளே போகாதீர்கள். இரண்டாவது, ஓடைப் பாதையில் நிழல் விழும் பலகைகளில் பாசி பிடிக்கும். அடிப்பாகம் தேய்ந்த செருப்போடு வந்தால் ஈரப் பலகையில் நேரே சறுக்கும். வார் இல்லாத ரப்பர் செருப்பு இங்கே வேண்டாம்.

சாங்கி முனை: செலவு இல்லாதது, மாலைக்கு ஏற்றது

சாங்கி முனைக் கடலோர நடைபாதை 2.2 கிலோமீட்டர் நீளம். ஓடை, கடற்கரை, பாய்மரப் படகு முனை, பாறைச்சரிவு, கேலோங், அந்திச் சூரியன் என்று ஆறு பகுதிகளுக்கும் தனித்தனிப் பெயர். பாறைச்சரிவுப் பகுதி குன்றின் விலாவை ஒட்டி, கீழே கடலும் மேலே மரமுமாகப் போகும். கேலோங் பகுதியில் கால்கள் மேல் நின்று கடலுக்குள் நீட்டிய பலகை. கடலில் கால்நட்டு நிற்கும் மீன்பிடி மேடையான கேலோங்கின் சாயல். எதிரே உபின், இடையில் படகுகள். கடைசிப் பகுதி மேற்கைப் பார்ப்பதால் ஏழு மணி வாக்கில் சூரியன் இறங்குவதை உட்கார்ந்து பார்க்கலாம். இங்கே மாலை நடை சிறப்பதற்கு அதுவே காரணம்.

2, 29, 59, 109 எண் பேருந்துகள் சாங்கி வில்லேஜ் முனையத்துக்கு வரும். பக்கத்திலேயே உணவங்காடி நிலையம். பேருந்துக் கட்டணத்துக்கு மேல் ஒரு காசு செலவில்லை. வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு என்று இருப்பவர்கள் பிற்பகல் நான்கு மணிக்குக் கிளம்பினாலும் போதும். படகு நேரம் பார்க்கும் கவலையும் இல்லை. நான்கில் இதைப் போல வசதியானது வேறில்லை; காட்சியில் மூன்றாம் இடம்தான்.

கரை வடக்கைப் பார்த்தது. ஆகவே பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் வாடை நேராக வரும். எதிரே உபின் இருப்பதால் அதன் வேகம் கொஞ்சம் மட்டுப்படும். அதுவே முதியோருக்கு இதமாகவும் இருக்கும். ஜூலையில் குன்று காற்றை முழுக்க மறைத்துவிடும். அப்போது பாறைச்சரிவுப் பகுதி அடுப்படி மாதிரி. பராமரிப்புக்காகச் சில பகுதிகள் அவ்வப்போது மூடப்படும். நடுப்பகுதி மூடியிருந்தால் சாலைக்கு ஏறிச் சுற்றித்தான் மறுபக்கம் வர முடியும். கிளம்பும் முன் தேசியப் பூங்காக் கழகத்தின் தளத்தில் மூடல் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். மற்ற மூன்று இடங்களுக்கும் இது பொருந்தும்.

செக் ஜாவா: வாடைக்கு எதிரே

சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து மோட்டார் படகு. ஒரு படகுக்குப் பன்னிரண்டு பேர், ஒருவழிக்கு ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிள் கொண்டுபோனால் கூடுதல். கையில் ரொக்கம் வைத்திருங்கள். பன்னிரண்டு பேர் சேரும்வரை படகு கிளம்பாது. அவசரமென்றால் 48 வெள்ளி கொடுத்து முழுப் படகையும் எடுத்துக்கொள்ளலாம். வார இறுதிக் காலையில் காத்திருப்பு சில நிமிடம்தான். வார நாள் பிற்பகலில் அரை மணியும் ஆகலாம்.

உபின் படகுத்துறையிலிருந்து செக் ஜாவா மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். நடந்தால் முக்கால் மணி நேரம், சைக்கிளில் இருபது நிமிடம். கடைசிப் பகுதி ஏற்ற இறக்கமான மண்பாதை. மழைக்குப் பிறகு சக்கரம் வழுக்கும். வாடகை சைக்கிள் எடுக்கும்போது பெல்லையும் இருக்கையையும் பார்ப்பவர்கள் பிரேக்கைப் பார்ப்பதில்லை. இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து, வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் நின்றால்தான் அது பிரேக். இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் அழுத்தாதீர்கள். செக் ஜாவாவுக்குள் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வாசலில் நிறுத்திப் பூட்ட வேண்டும். கூடையில் தின்பண்டப் பையை விட்டுப் போனால் திரும்பி வரும்போது காட்டுப்பன்றியோ குரங்கோ கணக்கைத் தீர்த்திருக்கும்.

உள்ளே பலகைப் பாதை மொத்தம் 1.1 கிலோமீட்டர்: கடலோரச் சுற்று 600 மீட்டர், சதுப்புநிலச் சுற்று 500 மீட்டர். காடு, பாறை, மணல், கடற்புல், பவளக்கற்கள் என்று ஆறு வகை வாழ்விடங்கள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கடலை நிரப்பும் திட்டம் இங்கே வரவிருந்து, 2001 இறுதியில் ஒத்திவைக்கப்பட்டது. பாதை 2007ல் திறந்தது. சுமார் இருபது மீட்டர் உயர ஜெஜாவி கோபுரத்தின் உச்சியில் நின்றால் காற்றின் உண்மையான வேகம் தெரியும். தொப்பி போட்டு ஏறுபவர்கள் கயிறு உள்ள தொப்பியாகப் பாருங்கள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

உபினின் கிழக்கு நுனியில், எதிரே நெருக்கமான மறைப்பு இல்லாததால் டிசம்பர்–பிப்ரவரியில் வாடை நேராக மோதும். அந்த மாதங்களில் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதைத்தான் தேர்ந்தெடுக்கலாம். டிசம்பரில் ஒரு சிக்கல் உண்டு: வாடை பொங்கும் நாள்களில் மழையும் இரண்டு மூன்று நாள் விடாமல் தூறிக்கொண்டே இருக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து காற்று இருக்கும், மழை குறையும். தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள் அருமையானவை.

கடல் வற்றிய நேரத்தில் போனால்தான் நண்டும் நட்சத்திர மீனும் பாதையிலிருந்தே தெரியும், கடல்மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இங்கேதான் காற்றும் கடலும் ஒத்துப்போக மறுக்கின்றன. ஆண்டின் நடுவில் பெரும் வற்றம் விடியலுக்கு முன்னும், ஆண்டு இறுதியில் மாலை இருட்டியும் வரும். செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 வரை மட்டுமே திறந்திருக்கும். காற்று நன்றாக இருக்கும் மாதத்தில் பெரும் வற்றம் பூட்டிய பிறகு வருகிறது! காற்றா, கடலுயிரா என்று முடிவு செய்துவிட்டு நாளைக் குறியுங்கள். இரண்டுமே வேண்டுமென்றால், மாலை ஆறு மணிக்கு முன்பே மட்டம் 0.5 மீட்டருக்கு இறங்கிவிடும் நாளைக் கடல் ஏற்ற வற்ற அட்டவணையில் தேட வேண்டும். மாதத்தில் சில நாள்களே தேறும்.

கருங்கல் தீவு என்பதால் உபினில் பாறைமுகடு பார்க்க எல்லாரும் 74 மீட்டர் உயரப் புவாக்கா குன்றுக்கும் போவார்கள். அங்கே கீழே தெரிவது கடல் இல்லை, நீர் நிரம்பிய பழைய கல்லுடைப்புக் குழி. செங்குத்துச் சுவர் உண்மையிலேயே ஆழமானது. வேலிக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள்.

செயிண்ட் ஜான்ஸ்–லசாரஸ்: ஆண்டின் நடுவில்

வடக்கு–தெற்குப் பாதை ரயிலின் கடைசி நிலையம் மரினா சவுத் பியர். வெளியே வந்ததும் படகுத்துறை. போகவர ஒரு பெரியவருக்கு ஏறத்தாழ 15 வெள்ளி. அரை மணி நேரப் பயணம். இரண்டு பெரியவர், இரண்டு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு ஐம்பது வெள்ளிக்கு மேல் ஆகிவிடும். அதே குடும்பம் உபின் போய்வர 32 வெள்ளி. வெவ்வேறு நிறுவனங்கள் படகு விடுகின்றன. ஒன்றின் சீட்டோடு இன்னொன்றின் வரிசையில் நிற்காதீர்கள்.

ஜூன் விடுமுறையில் இந்தக் காசு வீண்போகாது. தெற்கே சிங்கப்பூர் நீரிணைதான். தென்கிழக்குக் காற்றுக்கு நடுவில் தடுக்க எதுவும் இல்லை. 1874ல் தொற்றுநோய்த் தடுப்பு முகாமாகத் தொடங்கிய செயிண்ட் ஜான்ஸ் தீவின் நிழலான பாதைகளில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, இணைப்புப் பாலச்சாலை வழியாக லசாரஸுக்கு நடக்கலாம். துறையிலிருந்து லசாரஸின் பிறைவடிவக் கடற்கரைக்கு இருபது நிமிடம். பெரும்பாலானவர்கள் மணலோடு நின்றுவிடுவார்கள். பாறைக்கரை வேண்டுமென்றால் இரு தீவுகளின் தென்பக்கம் போக வேண்டும்; அங்கே ஆள் குறைவு, காற்று அதிகம்.

தென்பக்கப் பாறைகளில் இறங்கும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று நான்கைந்து பெரிய அலைகள் வரும். அவை தூரத்தில் போன கப்பலோ விரைவுப் படகோ கிளப்பியவை. கப்பல் கண்ணை விட்டு மறைந்து சில நிமிடம் கழித்தும் வந்து சேரும். பாறை நனைந்து கருத்திருக்கும் கோடுதான் எல்லை. அதற்குக் கீழே கால் வைத்தால் பாசி, கூர்மையான சிப்பிகள், பிறகு இந்த அலை. உலர்ந்து வெளிறிய பாறையில் மட்டும் நில்லுங்கள். கடல் ஏறும் நேரத்தில் முனையைச் சுற்றிப் போனால் திரும்பும் வழி தண்ணீருக்குள் போய்விடும்; இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் பெரிய நாள்களில் ஏறத்தாழ 3 மீட்டர் வித்தியாசம்.

சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். புளிசாதமும் அப்பளமும் எடுத்துப் போகலாம். காற்றில் வாழையிலை நிற்காது, மூடியுள்ள டப்பா எடுங்கள். தீவில் இறங்கியதும் முதல் வேலை, துறையில் ஒட்டியிருக்கும் கடைசிப் படகு நேரத்தைக் கைப்பேசியில் படம் எடுப்பது. வார நாளுக்கும் வார இறுதிக்கும் நேரம் மாறும்.

காற்றில் எது ஆபத்து

இந்தத் தீவில் காற்று உங்களைப் பாறையிலிருந்து தள்ளிவிடாது. கிளைதான் தலையில் விழும். நான்கு பாதைகளும் பெரிய மரங்களுக்குக் கீழே போகின்றன. முந்தின நாள் பலத்த மழை பெய்து, இன்று காற்று வலுத்தால் ஊறிய கிளைகள் முறியும்; அன்று காட்டுப்பகுதியை நிற்காமல் கடந்து திறந்த கரைக்கு வந்துவிடுங்கள். தென்னைக்குக் கீழே பாய் விரிக்காதீர்கள். உபினில் பழக்காலத்தில் டுரியான் மரத்தடியிலும் அதே விதி. தென்னை நெற்றுக்காவது முள் இல்லை.

சுமத்ரா காற்று வேறு வகை. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பும் காலையிலும், மேற்கிலிருந்து ஒரு வரிசை இடிமேகம் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும். ஒன்றிரண்டு மணி நேரம்தான்; ஆனால் வீச்சு மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர். 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் பதிவான 144.4 கிலோமீட்டர் வீச்சும் இப்படி வந்ததுதான். வெயிலுக்குப் பயந்து ஜூனில் அதிகாலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோமே, சரியாக அந்த நேரத்தில்தான் இது வரும். மேற்கு வானில் கருத்த அலமாரி போன்ற மேகம், பிறகு சட்டென்று குளிர்ந்த காற்று: இந்த இரண்டையும் கண்டால் பத்து நிமிடத்துக்குள் கூரை தேடுங்கள். கோபுரம், நீண்ட பலகைப் பாதை, படகுத்துறை நுனி மூன்றும் மின்னலுக்கு மோசமான இடங்கள். காலையில் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் மழை ரேடாரைப் பாருங்கள். மேற்கே பட்டை தெரிந்தால் தீவுப் பயணத்தைப் பத்து மணிக்குத் தள்ளிப்போடலாம். காற்றுப் போன பிறகு வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும்.

அதனால்தான் ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் மாதங்களில் தீவுப் பயணத்தைவிட லாப்ரடார் நல்லது. இடி கேட்டதும் சீக்கிரம் ரயில் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம். தீபாவளி வாரத்தில் விருந்தினரை அழைத்துப் போவதற்கும் அதுதான் தோது. காலை எட்டுக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள்.

வெப்பத்தைக் காற்று மறைக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. வியர்வை உடனுக்குடன் உலர்வதால் தாகம் தெரியாது. ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று கணக்கிடுங்கள். அதே செயலியில் வெப்ப உளைச்சல் அளவு 31 பாகையைத் தாண்டினால் நடையைப் பாதியாகக் குறையுங்கள். 33ஐத் தொட்டால் வேறு நாள் பாருங்கள். குடை வேண்டாம், காற்றில் பாய்மரமாகிவிடும். மழைச்சட்டை போதும்.

முட்டி வலியுள்ள பாட்டியும் சக்கர நாற்காலித் தாத்தாவும் கூட வருகிறார்கள் என்றால் நான்கையும் ஒதுக்கிவிட்டு ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. செந்தோசாவின் மேற்கு முனையில் சிலோசோ கோட்டைக்குப் போகும் ஆகாயப் பாலம், 36.3 மீட்டர் உயரம், 181 மீட்டர் நீளம், கட்டணம் இல்லை. மின்தூக்கியில் ஏறினால் மரங்களின் தலைக்கு மேல் சமதளமாக நடக்கலாம், நாற்காலி தள்ளலாம். மறைப்பு இல்லாததால் எந்த மாதத்திலும் கொஞ்சமாவது காற்று கிடைக்கும். கோட்டைக்கு அடியில் தஞ்சோங் ரிமாவின் கடற்பாறைகள். நீரிணைக்கு அப்பால் லாப்ரடார். அங்கே கடற்பாறை பார்த்துக்கொண்டிருக்கும் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா இங்கிருந்தே கைகாட்டலாம்.